ஞாயிறு கோயில், திங்கள் பள்ளிக்கூடம்

எங்கள் பள்ளிக்கு எத்தனை வயது? ஆண்டு விழா நோட்டீஸ் அடிக்கும்போதெல்லாம் இந்தச் சண்டை வரும். அங்கே 31 வருஷம் வேலை பார்த்துத் தலைமையாசிரியையாக ஓய்வுபெற்றவள் நான். என்னைக் கேட்டால், எங்கள் கிறிஸ்தவக் கோயிலின் வயதுதான் பள்ளிக்கும். சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டு ஊர்களில் இரண்டுக்கும் ஒரே ஓலைக்கூரைதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. திங்கள் காலையில் அதே தரையில் மணலைப் பரப்பி ‘அ’ எழுதச் சொல்வார்கள். சபையைக் கவனித்த உபதேசியாரேதான் வாத்தியார்.

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் ஜெர்மன்கார மிஷனரி. தமிழுக்கு இலக்கணம் எழுதுகிற அளவுக்குத் தமிழ் படித்தவர். வேதத்தைத் தானே வாசிக்கத் தெரியாதவன் எப்படி விசுவாசியாக நிலைப்பான் என்பது அவர் போன்றவர்களின் கவலை. அதனால் சபை முளைத்த ஊர்களில் பள்ளிக்கூடமும் முளைத்தது. இடையன்குடிக்கு 1841இல் கால்டுவெல் வந்தார். அவர் மனைவி எலைசா அம்மாள்தான் அங்கே பெண்பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் படிப்பும் லேஸ் பின்னலும் சொல்லிக்கொடுத்தவர். கால்டுவெல்லைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த அம்மாளை மறந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

வெள்ளைக்காரர் பணத்தில் மட்டும் இதெல்லாம் நடந்ததாக நினைக்க வேண்டாம். எங்கள் ஆச்சி உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடி அள்ளி மூலையிலிருந்த கலயத்தில் போடுவாள். “இது கோயிலுக்குள்ளது, தொடாத புள்ள” என்பாள். பிடியரிசி. வாரக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். உபதேசியார் வீட்டு உலை கொதித்ததில் அந்த அரிசிக்கும் பங்குண்டு. 1854க்குப் பிறகு அரசு மானியம் கொடுக்க ஆரம்பித்து, பள்ளிக்கூடங்களைப் பார்வையிட இன்ஸ்பெக்டரும் வந்தார். இன்றைக்கு ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்தினுடையது, தாளாளர் திருமண்டலத்தவர்.

நான் பொறுப்பேற்றபோது பீரோவில் செல்லரித்த வருகைப் பதிவேடு ஒன்று கிடந்தது. பங்குனி பிறந்தால் பக்கமெல்லாம் வருகை குறையும். பதநீர் இறங்கும் காலம். அப்பா பனையேற, அம்மா விடிலியில் கருப்பட்டி காய்ச்ச, பிள்ளைகள் அடுப்புக்கு ஓலையும் பாளையும் பொறுக்கப் போய்விடுவார்கள். ஒரு வாத்தியார் ஆப்சென்ட் போட மனமில்லாமல் சிறுமி ஒருத்தியின் பெயருக்கு நேராக, பென்சிலில் ‘விடிலி’, ‘விடிலி’ என்று ஆடி வரைக்கும் எழுதிக்கொண்டே போயிருக்கிறார். ஆவணியில் அவள் திரும்ப வந்திருக்கிறாள். அடுத்த வருஷப் பக்கத்தில் அவள் பெயர் இல்லை.

அந்தப் பதிவேட்டிலும் பள்ளி தொடங்கிய வருஷம் இல்லை. முதல் தாள்களைக் கரையான் தின்றுவிட்டது. இந்த வருஷ நோட்டீஸும் வந்துவிட்டது. ‘தொன்மை வாய்ந்த நமது பள்ளி’ என்று போட்டுச் சமாளித்திருக்கிறார்கள்.