தென்முடியனூரும் எறையூரும்

தண்டராம்பட்டு அருகே தென்முடியனூரில் 2023 ஜனவரி 30 அன்று, தலித் மக்கள் போலீஸ் பாதுகாப்புடன் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் சென்றதை நம் மாவட்டம் மறந்திருக்காது. மதம் மாறினால் சாதி விட்டுவிடுமா? எறையூரைப் பார்ப்போம்.

உளுந்தூர்பேட்டை பக்கத்தில் உள்ள அந்தக் கத்தோலிக்க ஊரில், பாகுபாடு பொறுக்காமல் தலித் கிறித்தவர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று கலவரம் மூண்டது; போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர்.

போதனையில் குறை இல்லை. எல்லா மனிதரும் கடவுளின் சாயல், பாகுபாடு அவர் திட்டத்துக்கு எதிரானது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-லேயே சொன்னது. 2003-ல் தமிழக ஆயர்களிடம் சாதி வேற்றுமையைக் கண்டித்துப் பேசினார் போப் இரண்டாம் ஜான் பால். திருச்சபைக்குள் தலித்துகள் ஒதுக்கப்படுவதை இந்திய ஆயர் பேரவையே 2016-ல் ஒப்புக்கொண்டது.

அரசும் கைகொடுக்கவில்லை. சீக்கிய தலித்துகளுக்கு 1956-லும் பௌத்தர்களுக்கு 1990-லும் கிடைத்த பட்டியல் சாதி உரிமை, கிறித்தவ தலித்துகளுக்கு இன்றும் இல்லை. அதைக் கேட்டு 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டப்பேரவை தீர்மானம் போட்டது.

மாணவர்களே, உங்கள் ஊரில் தேர் எந்தத் தெருவரை வருகிறது? கல்லறை ஒன்றா, இரண்டா? போதனை ஊர் வந்து சேர்ந்ததா என்பதை அங்கே பார்த்துத் தெரிந்துகொள்வோம்.