டி.வி. நிறத்தைச் சரிசெய்ய கையைக் கடிக்காத கருவிகள்

குன்றாண்டார்கோவிலில் இரவு எட்டு மணிக்கு மேல் தெருவில் நடந்து பாருங்கள். திறந்த வாசல் வழியாக எதிர்ச்சுவரில் வெளிச்சம் விழுந்துகொண்டிருக்கும். உள்ளே ஓடுவது சீரியலா, செய்தியா, படமா என்பது சத்தத்தை வைத்துத்தான் தெரியும். வெளிச்சம் மட்டும் வீட்டுக்கு வீடு ஒரே நிறம்: வெளிறிய நீலம். கீரனூரிலும் அப்படித்தான், புதுக்கோட்டை டவுனிலும் அப்படித்தான். டி.வி. என்றாலே நீல வெளிச்சம் என்று நமக்குப் பழகிவிட்டது. ஆனால், படத்தை எடுத்தவர்கள் அதில் அந்த நீலத்தை வைக்கவில்லை. டி.வி.தான் அதைச் சேர்க்கிறது.

காரணம் கடையில் தொடங்குகிறது. ஷோரூமில் பளீர் விளக்குக்கு அடியில் இருபது டி.வி. வரிசையாக ஓடும். அவற்றில் எது அதிக வெளிச்சமாகவும் நீலம் பாய்ந்த வெள்ளையாகவும் இருக்கிறதோ, அதற்குத்தான் கண் முதலில் போகும். அதனால் கம்பெனிகள் 'விவிட்', 'டைனமிக்', 'ஸ்டாண்டர்டு' போன்ற அமைப்புகளை அப்படியே வைத்து அனுப்புகின்றன. வீட்டுக்கு வந்த பிறகும் யாரும் அதை மாற்றுவதில்லை. மூன்று வருடத் தவணை கட்டி வாங்கிய டி.வி. கடைசிவரை கடைக்கான கோலத்திலேயே ஓடுகிறது.

சரியான வெள்ளை எது என்பதற்கு உலகம் முழுக்க ஒரு கணக்கு உண்டு. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1990இல் எச்.டி. ஒளிபரப்புக்காக வகுத்த 'பி.டி.709' என்ற விதிமுறையில், திரையின் வெள்ளை ஏறத்தாழ 6500 கெல்வின் இருக்க வேண்டும். இந்த எண்ணை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். மளிகைக் கடையில் வாங்கும் எல்.இ.டி. பல்பு டப்பாவைத் திருப்பினால், 'கூல் டேலைட்' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் 6500கே என்று அச்சிட்டிருக்கும். நம் வீட்டு வெள்ளை பல்பு, சினிமா ஸ்டுடியோவின் வெள்ளை இரண்டும் காகிதத்தில் ஒரே எண்தான். கடை அமைப்பில் இருக்கும் டி.வி.யோ 9,000, 10,000 கெல்வின் பக்கம் போய் நிற்கும். எண் ஏற ஏற நீலம் கூடும். இதனால்தான் பல்புக் கடையில் 'கூல்' எனப்படும் 6500, டி.வி. மெனுவில் 'வார்ம்' என்ற பெயரில் ஒளிந்திருக்கிறது.

இந்த நீலத்தால் என்ன கெட்டுப்போகிறது? மணிரத்னத்தின் 'தளபதி' (1991) டி.வி.யில் ஓடும்போது கவனியுங்கள். கர்ணன் கதை என்பதால், சூரியனையே ஒரு பாத்திரம்போல வைத்துச் சந்தோஷ் சிவன் ஒளிப்பதிவு செய்த படம் அது. ஆட்களுக்குப் பின்னால் செம்பொன்னாக வெயில் நிற்கும். 'விவிட்' அமைப்பில் அந்த வெயில் ட்யூப் லைட் வெளிச்சம்போல ஆகிவிடும். முகங்கள் இன்னும் பாவம். நம் ஊர் மனிதர்களின் மாநிறமும் கறுப்பும் எவ்வளவோ சாயல்கள் கொண்டவை. நீலம் தூக்கலாக உள்ள திரையில் அவை சாம்பல் பூத்துத் தெரியும், அல்லது அதிகப்படியான 'கலர்' அமைப்பால் ஆரஞ்சாகக் கொதிக்கும். நம் முகத்தை நம் வீட்டுத் திரை ஒழுங்காகக் காட்ட வேண்டும் என்பது ஆடம்பர ஆசை இல்லை.

இன்னொரு சோதனை குன்றாண்டார்கோவிலுக்கே உரியது. இங்குள்ள குடைவரைக் கோயிலையும், கல்லில் சக்கரமும் குதிரையும் வைத்துத் தேர்போலச் செய்த மண்டபத்தையும் போனில் படம் எடுக்காதவர்கள் குறைவு. மதிய வெயிலில் எடுத்த ஒரு படத்தைப் பென் டிரைவில் போட்டு டி.வி.யில் திறந்து பாருங்கள். 'விவிட்'டில் பாறை நீலக் கல்லாகத் தெரியும். 'சினிமா'வுக்கு மாற்றினால் வெயில் பட்ட கருங்கல்லாக நிறம் திரும்பும். போன் கேமராவும் தன்னிஷ்டத்துக்கு நிறத்தைத் திருத்தும் என்பதால் இது அளவுகோல் ஆகாது. ஆனால் ஒரு விஷயத்தை இது நன்றாகக் காட்டிவிடுகிறது. டி.வி.க்குக் கஷ்டமான பரீட்சை சிவப்பும் பச்சையும் அல்ல, சாம்பல்தான். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சரியான விகிதத்தில் கலந்தால்தான் சாம்பல் சாம்பலாக வரும். ஒன்று கூடினாலும் உடனே காட்டிக்கொடுத்துவிடும். கருவி வைத்து அளப்பவர்களும் முதலில் அளப்பது சாம்பலைத்தான்.

நிறத்தைச் சரிபார்க்கும் கருவி நமக்குப் புதிது இல்லை. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. 1982இல் நாட்டில் கலர் ஒளிபரப்பு வந்தது. நிகழ்ச்சி தொடங்கும்முன் திரையில் நிற்குமே, வெள்ளை, மஞ்சள், வெளிர்நீலம், பச்சை, மெஜந்தா, சிவப்பு, நீலம் என்று பட்டை பட்டையாக, அது வெறும் இடைவேளைப் படம் அல்ல. நிலையத்திலும் வீட்டிலும் நிறத்தைச் சரிபார்ப்பதற்கான அளவுகோல். டி.வி. மெக்கானிக்குகள் அதைப் பார்த்துத்தான் செட்டைத் திருகினார்கள். 2006 தேர்தலில் தி.மு.க. அறிவித்து, அந்த ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய இலவசக் கலர் டி.வி. திட்டத்தில் கிராமங்களுக்கு 14 அங்குலப் பெட்டி வந்தபோது, ரிமோட்டில் பிரைட்னஸ், காண்ட்ராஸ்ட், கலர் என்று கைவைக்க வேண்டிய இடங்கள் சில மட்டுமே இருந்தன. இன்றைய எல்.இ.டி. டி.வி.யில் பத்து இருபது அமைப்புகள் இருக்கின்றன. ஆனால் அந்தப் பட்டை மட்டும் திரையிலிருந்து காணாமல் போய்விட்டது.

முதல் கருவி ரிமோட்தான். பிக்சர் மோடை 'சினிமா', 'மூவி' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' என்று மாற்றுங்கள். கலர் டெம்பரேச்சர் 'வார்ம்' ஆக இருக்கட்டும். வார்ம் 1, வார்ம் 2 என்று இருந்தால் பெரும்பாலும் வார்ம் 2தான் 6500க்கு அருகில் வரும். மின்சாரச் சேமிப்பு என்ற பெயரில் வெளிச்சத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். ஷார்ப்னஸை இறக்குங்கள். செய்திச் சேனலில் அடியில் ஓடும் தமிழ் எழுத்துகளைக் கிட்டே போய்ப் பாருங்கள். 'ழ'வின் வளைவைச் சுற்றி மெல்லிய வெள்ளை நூல்போல ஒரு கோடு தெரிந்தால், அது எழுத்தில் உள்ளதல்ல, ஷார்ப்னஸ் போட்ட கோடு. அது மறையும்வரை குறைக்க வேண்டும். இவ்வளவும் இலவசம். கருவி எதுவும் வாங்காமலே பாதி வேலைக்கு மேல் இங்கேயே முடிந்துவிடுகிறது என்பேன்.

முதல் இரண்டு நாள் படம் மஞ்சளடித்ததுபோல இருக்கும். வீட்டில் சண்டை வரும். அது டி.வி.யின் குறை அல்ல, கண்ணின் பழக்கம். நம்பிக்கை வராதவர்களுக்கு நூறு, நூற்றைம்பது ரூபாயில் ஒரு சாட்சி உண்டு: அதே 6500கே பல்பு. டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, அதன்மேல் மட்டும் பல்பு வெளிச்சம் படும்படி வையுங்கள். டி.வி.யில் முழு வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டு, வெளிச்சத்தைத் தாளின் அளவுக்கு இறக்கி, கூல், ஸ்டாண்டர்டு, வார்ம் என்று மாற்றிப் பாருங்கள். பல்புக்குப் பல்பு சில நூறு கெல்வின் வித்தியாசம் இருக்கும்; தாளிலும் வெளுப்புச் சாயம் இருக்கும். ஆகவே துல்லியம் கிடைக்காது. ஆனால் இந்த மூன்றில் எது நிஜத்துக்கு அருகில் என்பதை உங்கள் கண்ணே சொல்லிவிடும்.

இரண்டாவது கருவியும் இலவசம்: சோதனைப் படங்கள். 'ஏ.வி.எஸ். எச்.டி. 709' என்ற தொகுப்பை இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். எம்.பி.4 கோப்புகளாகவே இருப்பதால் பென் டிரைவில் போட்டு ஓட்டலாம். அதில் இரண்டு படங்கள் போதும். ஒன்று கறுப்புக்கானது. வீடியோவில் முழுக் கறுப்பு 0 அல்ல, 16. முழு வெள்ளை 255 அல்ல, 235. கறுப்புப் படத்தில் எண் போட்ட மெல்லிய பட்டைகள் மின்னிக்கொண்டிருக்கும். 16 வரை எதுவும் தெரியக் கூடாது. 17இலிருந்து இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு லேசாக மின்ன வேண்டும். இதற்குத் திருக வேண்டியது 'பிரைட்னஸ்'. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், பல டி.வி.களில் அது கறுப்பின் ஆழத்தைத்தான் மாற்றுகிறது. மொத்த வெளிச்சத்துக்கு 'பேக்லைட்' என்று தனியாக இருக்கும். சோனியின் புதிய டி.வி.களில் பெயர் தலைகீழ்: பிரைட்னஸ்தான் பேக்லைட், கறுப்புக்கு 'பிளாக் லெவல்'. இன்னொரு படம் வெள்ளைக்கானது. 235க்குக் கீழே உள்ள பட்டைகள் ஒன்றோடொன்று கரைந்துபோகாமல் தெரியும்வரை 'காண்ட்ராஸ்ட்' குறைய வேண்டும். வேட்டியின் மடிப்பு திரையில் தெரிவதும் தெரியாததும் இந்த அமைப்பின் கையில் இருக்கிறது.

டி.வி.யை அரை மணி நேரம் ஓடவிட்ட பிறகு, வழக்கமாக நீங்கள் படம் பார்க்கும் வெளிச்சத்தில் இதைச் செய்யுங்கள். பல டி.வி.கள் ஒவ்வோர் இணைப்புக்கும் தனி அமைப்பு வைத்துக்கொள்ளும். பென் டிரைவில் சரிசெய்தது செட்டாப் பாக்ஸுக்குத் தானாகப் போய்ச் சேராது. அந்த எண்களைக் குறித்து எச்.டி.எம்.ஐ.யிலும் போட வேண்டும். அதற்கு முன், செட்டாப் பாக்ஸ் எந்த வயரில் வந்திருக்கிறது என்று டி.வி.யின் முதுகைப் பாருங்கள். எத்தனையோ வீடுகளில் பெரிய டி.வி. வாங்கிவிட்டு, மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏ.வி. வயரிலேயே கேபிளை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்த மஞ்சள் வயரில் வரும் மங்கலை எந்தக் கருவியாலும் சரிசெய்ய முடியாது. பாக்ஸில் எச்.டி.எம்.ஐ. துளை இருந்தால் முதல் செலவு அந்த வயர்தான்.

நீல ஃபில்டர் என்று ஒன்று விற்கிறது. அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு பழைய வண்ணப் பட்டையைப் பார்த்தால் நீலம் கலந்த பட்டைகள் மட்டும் தெரியும். வெள்ளையும் நீலமும் ஒரே பிரகாசமாக இருந்தால் 'கலர்' சரி. வெளிர்நீலமும் மெஜந்தாவும் ஒத்திருந்தால் 'டின்ட்' சரி. பரிசுப் பொட்டலத்து நீலக் கண்ணாடித்தாள் இதற்கு உதவாது, மற்ற நிறமும் கசியும். இன்றைய டி.வி.யில் சினிமா மோடுக்கு மாறினாலே இந்த இரண்டும் பெரும்பாலும் சரியாக இருப்பதால், இதற்குத் தனியாகக் காசு செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

அதற்கு மேல் போக விரும்புகிறவர்களுக்குத்தான் அளக்கும் கருவி. கலரிமீட்டர் என்று பெயர். கம்ப்யூட்டர் மவுஸ் அளவுதான் இருக்கும். திரையின் நடுவில் தொங்கவிட்டு, யு.எஸ்.பி. வயரை லேப்டாப்பில் செருக வேண்டும். லேப்டாப்பிலிருந்து எச்.டி.எம்.ஐ. வழியாகச் சாம்பல் கட்டங்கள் திரையில் வரும். ஒவ்வொன்றிலும் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று வரைபடம் விழும். டி.வி.யின் 'ஒயிட் பேலன்ஸ்' மெனுவில் வெளிச்சச் சாம்பலுக்கு 'கெயின்', இருட்டுச் சாம்பலுக்கு 'ஆஃப்செட்' என்று மாற்றி மூன்று கோடுகளையும் ஒன்றாக்குவதுதான் வேலை. டேட்டாகலர் கம்பெனியின் 'ஸ்பைடர்' வரிசையும், முன்பு எக்ஸ்-ரைட் என்ற பெயரில் வந்து இப்போது 'காலிபிரைட்' ஆகியிருக்கும் கருவிகளும் தொடக்கக்காரர்கள் வாங்குபவை. மென்பொருளுக்குக் காசு வேண்டாம். பிரெஞ்சு ஹோம் தியேட்டர் ஆர்வலர்களிடமிருந்து வந்த 'எச்.சி.எஃப்.ஆர்.' இலவசமாகவே கிடைக்கிறது. அதில் உங்கள் திரை எல்.இ.டி.யா, ஓ.எல்.இ.டி.யா என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் கருவி தப்பாகப் படிக்கும்.

வாங்கும்முன் இரண்டைப் பாருங்கள். முதலாவது, உங்கள் டி.வி. மெனுவில் அந்த ஒயிட் பேலன்ஸ் பகுதி இருக்கிறதா? விலை குறைந்த பல டி.வி.களில் இருக்காது. இல்லையென்றால் கருவி நோயைச் சொல்லும், மருந்து போட வழியிருக்காது. இரண்டாவது, கருவி எத்தனை வருடம் பழையது? பழைய மாடல்களில் உள்ளே உள்ள வண்ண ஃபில்டர்கள் ஈரத்திலும் சூட்டிலும் மங்கிவிடும். யாரோ பயன்படுத்தியது மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால், கெட்ட தராசில் தங்கம் நிறுத்தது போலாகிவிடும். அதே மாடல் டி.வி.க்கு இன்னொருவர் போட்ட எண்களை அப்படியே எழுதி வைப்பதும் வேண்டாம். பெட்டிக்குப் பெட்டி திரை மாறும்.

விலைதான் சிக்கல். புதுக் கருவிக்குப் பத்தாயிரத்துக்கு மேல் ஆகலாம். 32 அங்குல டி.வி. ஒன்றையே அந்த விலைக்கு வாங்கலாம். ஒரே ஒரு டி.வி.க்காக ஒரு குடும்பம் இதை வாங்குவது நியாயமில்லை. ஆனால் கல்யாண ஆல்பம் போடும் ஸ்டுடியோக்காரருக்கு இது தொழில் கருவி. மானிட்டரில் பார்த்த முகமும் பிரின்டில் வந்த முகமும் ஒத்துப்போக அவருக்கு எப்படியும் இது வேண்டும். அவர் வாங்கும் அதே கருவி டி.வி.யையும் அளக்கும். கீரனூர், குன்றாண்டார்கோவில் பக்கத்து ஸ்டுடியோக்காரர்களும் டி.வி. மெக்கானிக்குகளும் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். ஒருவர் வாங்கி, வீட்டுக்கு வந்து அளந்து கொடுத்துச் சின்னக் கூலி வாங்கினால் ஒன்றியம் முழுமைக்கும் ஒரு கருவி போதும்.

அதுவரை ரிமோட்டும் பென் டிரைவும் இருக்கின்றன. இன்று இரவே சினிமா மோட், வார்ம் 2 என்று மாற்றி மூன்று நாள் விட்டுப் பாருங்கள். மாற்றும்முன், பழைய அமைப்புகளின் பக்கங்களைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.