நனைந்த தானியம் மேலே இருக்கட்டும்

கீழக்கரையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். இரு பிள்ளைகளுக்குத் தாயான ஒரு பெண்மணி, தம் உம்மாவிடமும் மாமியாரிடமும் கற்ற தொதலையும் தக்கடியையும் வட்டலப்பத்தையும் எவ்வாறு செய்வது என்று இணையத்தில் வலைப்பூ ஒன்றைத் தொடங்கி எழுதி வருகின்றார். ஈராண்டுகளாக ஒரு காசும் எதிர்பாராமல் எழுதியிருக்கின்றார். துபாயிலும் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் வாழும் நம் பெண்கள் அதனைப் படித்துச் சமைக்கின்றனர். எங்கள் உம்மா கைப்பக்குவம் அப்படியே வந்தது என்று நெகிழ்ந்து எழுதுகின்றனர். ஒருநாள் சமையல் எண்ணெய் நிறுவனம் ஒன்றிடமிருந்து அவருக்குக் கடிதம் வருகின்றது. எங்கள் எண்ணெயில் சமைத்ததாக ஒரு கட்டுரை எழுதுங்கள். ஐயாயிரம் ரூபாய் தருகிறோம். பணம் பெற்று எழுதியதாக மட்டும் எங்கும் குறிப்பிட வேண்டாம்.

வாசகர்களே, அந்தப் பெண்மணி உங்கள் மகளாக இருந்தால் என்ன பதில் எழுதச் சொல்வீர்கள்?

வீட்டில் இருந்தபடியே, பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டே, தன் அறிவையும் கைத்திறனையும் கொண்டு ஒரு பெண் பொருளீட்டுவது மகிழத்தக்க செய்தி. அதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆயினும் வலைப்பூவில் பணம் எப்படி வருகின்றது, யாரிடமிருந்து வருகின்றது, எதற்காக வருகின்றது என்பதை அறியாமல் இறங்கியோர் பலர் ஏமாந்தும் இருக்கின்றனர். தாம் அறியாமலே பிறரை ஏமாற்றியும் இருக்கின்றனர்.

தானாக வரும் விளம்பரம்

வருமான வழிகளுள் எளியது, பக்கத்தின் ஓரத்திலும் நடுவிலும் தோன்றும் விளம்பரங்கள். கூகுள் நிறுவனம் 2003ஆம் ஆண்டு தொடங்கிய ஆட்சென்ஸ் என்னும் திட்டமே இதில் பெயர் பெற்றது. எழுதுபவர் தம் பக்கத்தில் இடம் ஒதுக்கித் தந்தால் போதும். எந்த விளம்பரம் அங்கே தோன்றுவது என்பதைக் கணிப்பொறியே ஏல முறையில் முடிவு செய்துவிடும். தமிழ்ப் பக்கங்களுக்கு இத்திட்டம் 2018இல்தான் திறந்துவிடப்பட்டது. விளம்பரதாரர் தரும் தொகையில் 68 விழுக்காடு எழுதுபவருக்குச் செல்வதாகக் கூகுள் 2010இல் அறிவித்தது. பெரும்பாலும் விளம்பரத்தைச் சொடுக்கினால்தான் காசு என்றிருந்த நிலை மாறி, 2024 முதல் விளம்பரம் பார்வைக்கு வந்தாலே கணக்கில் சேரும் முறை வந்துள்ளது.

கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கின்றது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் முறை பக்கம் பார்க்கப்பட்டால் கால் டாலர் கிடைக்கின்றது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நூறு டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும் என்பது விதி. அந்த நூறு டாலருக்கு நான்கு இலட்சம் முறை அப்பக்கங்கள் பார்க்கப்பட வேண்டும். மூன்று கிலோ தொதல் கிண்டுவதற்கும் அதற்கும் பொறுமையில் பெரிய வேறுபாடு இல்லை! பத்து டாலர் சேர்ந்தவுடன் வீட்டு முகவரியைச் சரிபார்க்க இரகசிய எண் ஒன்று அஞ்சலில் அனுப்பப்படும். அந்தக் கடிதம் வந்து சேருவதற்குள் ஆர்வம் வடிந்து எழுதுவதையே நிறுத்தியவர்களும் உண்டு. இன்னொன்றையும் கருத வேண்டும். 2024 முதல் கூகுளின் தேடல் பக்கத்தின் உச்சியில், கணிப்பொறி தானே தொகுத்த விடை பல கேள்விகளுக்குக் காட்டப்படுகின்றது. விடை அங்கேயே கிடைத்துவிட்டால் வலைப்பூவின் வாசல்வரை வருவதற்குச் சிலருக்குத் தேவை இராது.

இந்த இடத்தில்தான் பாசமுள்ள குடும்பத்தினர் ஒரு பிழை செய்துவிடுகின்றனர். துபாயிலுள்ள காக்கா, தங்கையின் வருமானம் பெருகட்டுமே என்று நாள்தோறும் அவள் பக்கத்திற்குச் சென்று விளம்பரங்களைச் சொடுக்கித் தள்ளுகின்றார். நண்பர்களிடமும் சொல்லி வைக்கின்றார். பொருளை வாங்கும் எண்ணம் துளியும் இன்றிச் சொடுக்குவது விளம்பரதாரரின் பணத்தை வீணடிப்பதே அல்லவா? பிறர் பொருள் என்பது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தாலும் பிறர் பொருளே. இத்தகைய போலிச் சொடுக்குகளைக் கூகுள் கண்காணிக்கின்றது. கண்டுபிடித்தால் கணக்கை மூடிவிடும்; சேர்த்த தொகையும் கைக்கு வாராமல் போகும். உதவி செய்ய விரும்பும் காக்கா, பதிவைப் படித்துவிட்டு நாலு பேருக்கு எடுத்துச் சொன்னால் போதும்.

என்ன விளம்பரம் வரும் என்பது நம் கையில் இல்லையே, வட்டிக் கடனும் சோதிடமும் நம் பக்கத்தில் வந்து நிற்குமே என்று கவலைப்படுவோர் உள்ளனர். நியாயமான கவலைதான். காதல் துணை தேடித்தரும் தளங்கள், சோதிடம், திடீர்ப் பணக்காரர் ஆக்கும் திட்டங்கள் போன்ற வகைகளைக் கணக்கு வைத்திருப்பவரே தடுத்துவிட ஆட்சென்ஸில் வசதி உண்டு. குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் விளம்பரத்தைப் பெயர் கூறித் தடுக்கவும் முடியும். முழு வடிகட்டி அன்று; இடையிடையே கசியும். எனவே மாதம் ஒருமுறையேனும் தம் பக்கத்தைத் தாமே அயலாரைப் போலத் திறந்து பார்ப்பது நலம்.

கட்டணப் பதிவு

மேற்சொன்னவற்றில் விளம்பரம் வேறு, எழுத்து வேறு என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடுகின்றது. அச்சு இதழ்களிலும் கட்டம் கட்டி விளம்பரம் வருகின்றது; அதைக் கட்டுரை என்று யாரும் மயங்குவதில்லை. எண்ணெய் நிறுவனம் கேட்பதோ வேறு. எழுத்தே விளம்பரமாக வேண்டும். ஆனால் விளம்பரமென்று தெரியக் கூடாது. அது ஐயாயிரம் ரூபாய் கொடுத்து வாங்குவது எழுத்தை மட்டுமா? ஈராண்டுகளாக அந்தப் பெண்மணி சொன்ன அளவில் உப்பும் சீனியும் இட்டுப் பார்த்து, "இவர் சொன்னால் சரியாக இருக்கும்" என்று நம்பத் தொடங்கிய பெண்களின் நம்பிக்கையையும் சேர்த்தல்லவா கேட்கின்றது?

இவ்வழக்கம் நேற்று முளைத்ததன்று. அமெரிக்காவில் 2006ஆம் ஆண்டு பேபர்போஸ்ட் என்னும் நிறுவனம் வலைப்பூ எழுதுவோரையும் விளம்பரதாரரையும் இணைத்து, பதிவுக்கு இவ்வளவு என்று பணம் தரத் தொடங்கியது. பணம் பெற்றதைச் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் முதலில் இருந்தது. கண்டனம் எழுந்த பின் அவ்வாண்டின் இறுதியில் வெளிப்படுத்துவதைக் கட்டாயமாக்கியது. அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணையம் தன் விளம்பர நெறிகளைத் திருத்தி, பணமோ இலவசப் பொருளோ பெற்று எழுதும் வலைப்பூக்காரர் அதனை வெளிப்படுத்த வேண்டும் என்று 2009 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

தேடுபொறிக்கும் இதில் அக்கறை உண்டு. ஒரு பக்கத்திற்கு எத்தனை பேர் இணைப்பு தந்திருக்கிறார்கள் என்பதைக் கொண்டே கூகுள் அதன் மதிப்பை எடைபோடத் தொடங்கியது. விலைக்கு வாங்கிய இணைப்பு எடைக்கல்லில் ஒட்டிய புளியைப் போன்றது. எனவே பணம் பெற்றுத் தரும் இணைப்பில் அதற்குரிய அடையாளக் குறி இருக்க வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் விதி. 2005இல் ஒரு பொதுக் குறியும், 2019இல் கட்டணப் பதிவுக்கென்றே தனிக் குறியும் வந்தன. விதியை மீறிய பக்கம் தேடலில் பின்னுக்குத் தள்ளப்படும். வேடிக்கை என்னவெனில், 2009இல் கூகுளின் ஜப்பானியக் கிளைக்காகவே பணம் கொடுத்து வலைப்பூக்களில் எழுதச் செய்தது தெரியவந்தது. கூகுள் தன் ஜப்பானியப் பக்கத்தின் மதிப்பைத் தானே குறைத்தது. 2012இல் அதன் குரோம் உலாவிக்காகக் கட்டணப் பதிவுகள் எழுதப்பட்டபோது, குரோம் பக்கத்தையும் அறுபது நாள்களுக்குக் குறையாமல் தேடலில் பின்தள்ளியது. விதியை வகுத்தவரே வழுக்கி விழுந்த இடம் இது. புதிதாக எழுத வருபவர் எவ்வளவு எச்சரிக்கையாக நடக்க வேண்டும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நம் நாட்டின் சட்டமும் வாளாவிருக்கவில்லை. இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றத்தின் நெறிமுறை 2021 ஜூன் 14 முதல் நடப்பில் உள்ளது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் விதிகளை வெளியிட்டது. 2023 ஜனவரியில் நுகர்வோர் நலத்துறை விளக்கக் கையேடு ஒன்றையும் தந்தது. பணம் மட்டுமன்று, இலவசப் பொருள், தள்ளுபடி, பயணம், விடுதியில் தங்கும் வசதி ஆகியவற்றையும் வெளிப்படுத்த வேண்டும் என்கின்றது அக்கையேடு. உறவுமுறையையும் அது விடவில்லை. மச்சான் நடத்தும் ஜவுளிக்கடையைப் புகழ்ந்து எழுதினால், அது மச்சான் கடை என்பதையும் சொல்லியாக வேண்டும்! தாம் உண்மையிலேயே பயன்படுத்திப் பார்க்காத பொருளைப் பரிந்துரைக்கலாகாது என்றும் அது கூறுகின்றது. பொய்யாகவோ தவறாக வழிநடத்தும் வகையிலோ பரிந்துரைப்போருக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பத்து இலட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மீண்டும் செய்தால் ஐம்பது இலட்சம் வரை.

வரி பற்றியும் ஒரு சொல். நிறுவனம் அனுப்பிய மாவரைக்கும் இயந்திரத்தையோ கைப்பேசியையோ எழுதி முடித்தபின் திருப்பிக் கொடுத்துவிட்டால் சிக்கல் இல்லை. வைத்துக்கொண்டால் அதுவும் வருமானமே. ஓராண்டில் இப்படிப் பெற்றவற்றின் மதிப்பு இருபதாயிரம் ரூபாயைத் தாண்டினால், கொடுப்பவர் பத்து விழுக்காடு வரியைப் பிடித்துச் செலுத்த வேண்டும் என்ற விதி 2022 ஜூலை முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்தது.

சட்டம் சொல்வதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நமக்குச் சொல்லப்பட்ட செய்தி ஒன்று உண்டு. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றபோது, அதனுள் தம் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்ன என்று வினவ, மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் காணும்படி அதனை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ள இந்நிகழ்ச்சியைக் கேட்டிராத முஸ்லிம் வீடு அரிது. ஒன்றைக் கவனியுங்கள். நனைந்த தானியத்தை விற்கவே கூடாது என்று அங்கே சொல்லப்படவில்லை. மழை பெய்தது வணிகரின் குற்றமும் அன்று. நனைந்ததைக் கீழே மறைத்து, காய்ந்ததை மேலே பரப்பியதுதான் குற்றமாயிற்று. கட்டணம் பெற்று எழுதுவதும் அத்தகையதே. "இது விளம்பரம், இன்ன நிறுவனம் பணம் தந்தது" என்னும் வரி பதிவின் தலைப்பை அடுத்தே இருந்தால், படிப்பவர் கையை நுழைத்துப் பார்க்கத் தேவையில்லை. அவ்வரியைப் பதிவின் அடியில், பொடி எழுத்தில், தமிழ் அறிந்த பெண்களுக்கு விளங்காத ஆங்கிலச் சுருக்கெழுத்தில் வைப்பவர், ஈரத்தைக் குவியலின் அடியில்தான் வைக்கின்றார்.

பிள்ளைகளின் படம்

குடும்பத்தைப் பற்றி எழுதும் தாய்மார்களுக்கு இன்னொரு சோதனை காத்திருக்கின்றது. பால்மாவு நிறுவனமும் ஆடை நிறுவனமும் பிள்ளைகளின் படத்தைக் கேட்கும். அமெரிக்காவின் ஹெதர் ஆம்ஸ்ட்ராங் என்னும் பெண்மணி 2001இல் டூஸ் என்ற வலைப்பூவைத் தொடங்கி, 2004இல் விளம்பரங்களை ஏற்று, வலைப்பூ எழுதும் தாய்மார்களுள் உலகப் புகழ் பெற்றவர். 2023இல் மறைந்த அவர், 2015இலேயே அந்த அன்றாட எழுத்திலிருந்து விலகுவதாக அறிவித்தார். விளம்பர நிறுவனங்களின் தேவைக்காகத் தம் பிள்ளைகளை வைத்துச் செயற்கையான நிகழ்ச்சிகளை உருவாக்க நேர்ந்தது, அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. புகழின் உச்சியைத் தொட்டவருக்கே அந்நிலை. குழந்தை பால் குடித்துச் சிரித்தால் அது சிரிப்பு. படம் சரியாக வரவில்லை, இன்னொரு முறை சிரி என்றால் அது வேலை. அந்த வேலைக்கு அக்குழந்தை இசைவு தந்ததா? தந்தாலும் அதன் பொருள் அதற்குத் தெரியுமா? நம் வீடுகளில் திருமணத்திற்கு எடுத்த படத்தையே அயலாரிடம் காட்டத் தயங்குகின்றோம். இந்த ஒன்றில் இரக்கமின்றி மறுத்துவிடுவதே நல்லது என்பது என் எண்ணம்.

இனி, கீழக்கரைப் பெண்மணியின் கடிதத்திற்கு வருவோம். மறுமொழி இவ்வாறு அமையலாம்: "உங்கள் எண்ணெயில் ஒரு மாதம் சமைத்துப் பார்த்த பின்னரே எழுதுவேன். நிறையையும் குறையையும் எழுதுவேன். இது விளம்பரம் என்று தலைப்பின் கீழேயே தமிழில் குறிப்பிடுவேன். உங்கள் தளத்திற்குத் தரும் இணைப்பில் கட்டணக் குறி இருக்கும். என் பிள்ளைகளின் படம் இடம்பெறாது. தொகையையும் அது கிடைக்கும் நாளையும் எழுத்தில் உறுதி செய்யுங்கள். இவற்றிற்கு இசைந்தால் எண்ணெயை அனுப்பி வையுங்கள்."

சில நிறுவனங்கள் இசையும். சில, பதிலே எழுதாமல் அடுத்த வலைப்பூவைத் தேடிப் போகும். போகட்டும். ரமலான் நெருங்குகின்றது, நோன்புக் கஞ்சிக்கு எத்தனை பங்கு அரிசிக்கு எத்தனை பங்கு பாசிப்பருப்பு என்று கேட்டுக் கொழும்பிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கின்றார். முதலில் அவருக்குப் பதில் எழுத வேண்டும்.