பங்க்கில் காத்திருக்க ஒரு மாடி

லோடு கிடைக்கும்வரை லாரியை ஓரங்கட்டிவிட்டு, குழாயடியில் குளித்து, துணி அலசிக் காயப்போட்டு, கேபினிலேயே கண்ணயரும் ஓட்டுநர்களை சேந்தமங்கலம், நாமக்கல் பக்கத்துப் பங்க்குகளில் பார்க்கலாம். இப்படிக் காத்திருப்பவர்களுக்கென்றே ஒரு மாடி வைத்து 1958-ல் பெட்ரோல் பங்க் ஒன்று கட்டப்பட்டது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், க்ளோக்கே என்ற சிற்றூரில். வரைந்தவர் உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட். ரே லிண்ட்ஹோம் என்ற எண்ணெய் வியாபாரிக்கு முதலில் வீடு வரைந்து கொடுத்தவர், பிறகு பங்க்கையும் வரைந்தார்.

கீழே வண்டி பழுதுபார்க்கும் கூடம். அதற்கு மேலிருந்து வெளிச்சம் வரக் கூரையில் கண்ணாடி. மாடியில் சுற்றிலும் கண்ணாடி பதித்த ஓர் அறை. வண்டி தயாராகும்வரை அங்கே உட்கார்ந்து சாலையைப் பார்க்கலாம். கார் பெருகினால் நகரங்கள் கலைந்து பரவும், அப்போது சாலையோர பங்க்தான் ஊர் கூடும் இடமாகும் என்று ரைட் 1930-களிலேயே நம்பினார். நம் பக்கம் அது ஏறக்குறைய நடந்தேவிட்டது. உட்கார இடம்தான் இல்லை. இங்கே பங்க் வைத்திருந்த எஸ்ஸோ, பர்மா ஷெல், கால்டெக்ஸ் எல்லாம் 1970-களில் அரசுடைமையாகி, இன்று ஒவ்வொரு எண்ணெய் நிறுவனமும் நாடு முழுக்க ஒரே நிறம், ஒரே கூரை என்று வைத்திருக்கிறது. தூரத்திலிருந்தே அடையாளம் தெரிவது நல்லதுதான். அந்த அச்சிலேயே காத்திருப்போருக்கு ஓர் அறையையும் சேர்த்திருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

க்ளோக்கே பங்க்கில் முதலில் கண்ணில் படுவது செம்புத் தகடு வேய்ந்த கூரை. முனை கூர்ந்து, 32 அடி வெளியே நீண்டிருக்கிறது. அடியில் ஒரு தூண்கூட இல்லை. ஜன்னலுக்கு மேல் சன்ஷேடு நிற்பதும் இதே முறையில்தான்: உள்பக்க முனையைக் கட்டடம் அழுத்திப் பிடித்துக்கொள்கிறது.

தூணை எடுத்த ரைட், தரையில் பம்பும் வேண்டாம் என்றார். கூரையிலிருந்து குழாய் தொங்க வேண்டும், வண்டி எந்தப் பக்கமிருந்தும் வரலாம் என்பது அவர் திட்டம். பத்துச் சக்கர லாரியைப் பம்புக்குப் பம்பு ஒடித்துத் திருப்புகிறவர்களுக்கு அதன் அருமை புரியும். 1927-ல் பஃபலோ நகருக்கு அவர் வரைந்த பங்க்கில் டேங்கே கூரைமேல்தான். அது அப்போது கட்டப்படவில்லை. இந்த யோசனையில் ஆபத்தும் உண்டு: பெட்ரோல் மேலிருந்து கசிந்தால் வண்டிமேலும் ஆள்மேலும் கொட்டும். அதன் ஆவியோ காற்றைவிடக் கனம். தரையோடு பரவி எங்கோ உள்ள பொறியில் பற்றிக்கொள்ளும். க்ளோக்கேயில் தீயணைப்பு விதிகள் தொங்கும் குழாய்க்கு இடம் தரவில்லை. வழக்கமான தரைப் பம்புகளோடுதான் பங்க் திறந்தது. 1985-ல் அமெரிக்காவின் வரலாற்றிடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் அதன் பெயர் ஏறியது.