மலையில் கொதிக்கும் கோப்பி

மாணவர்களே, பள்ளி விடுமுறைக்குக் கெந்திங் மலைக்குப் போகிறீர்களா? காலைக் குளிரில் எல்லாருக்கும் கோப்பி வேண்டும். கடையில் வரிசை நீளும். "அடுப்பைக் கூட்டி வைத்தால் தண்ணீர் இன்னும் சூடாகும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கடல்மட்டத்தை ஒட்டிய நம் காப்பாரில் தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கிறது. ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரமுள்ள கெந்திங்கில் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். கேபிள் காரில் ஏறும்போது காது அடைக்கிறதே, அதற்கும் இதற்கும் காரணம் ஒன்றுதான். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. நீராவிக் குமிழிகளை அமுக்கிப் பிடிக்கும் விசை குறைவதால் அவை சீக்கிரமே எழுந்துவிடுகின்றன. அதன்பின் தீயைக் கூட்டினால் தண்ணீர் வேகமாக வற்றுமே தவிர வெப்பநிலை ஏறாது. எரிவாயுதான் வீண்.

காஷ்மீரில் பனிச்சறுக்குக்குப் பெயர்பெற்ற குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே கொதிநிலை ஏறக்குறைய 91 பாகை. கோப்பிக்கு இதனால் பெரிய கெடுதல் இல்லை. 90 முதல் 96 பாகை வரை சூடான நீரே தூளின் சாற்றை நன்றாக இறக்கும் என்பார்கள். (ஆனாலும் ஊதிக் குடியுங்கள், 94 பாகையும் நாக்கைச் சுடும்!) பருப்புக்குத்தான் சிரமம், வேக நெடுநேரம் ஆகும். அதனால் மலையூர்ச் சமையலறைகளில் நீராவியை அடைத்து அழுத்தத்தைக் கூட்டும் பிரஷர் குக்கர் மிகவும் உதவும்.