உழவர் எங்கே போனார்?

எங்க ஊர் தளவாய்புரத்தில் தெருவுக்குத் தெரு தையல் மெஷின் சத்தம்தான். அக்கா நைட்டி தைத்துக்கொண்டிருப்பாள். மூன்றாம் வகுப்பு படிக்கும் அவள் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, போனைப் பார்த்துச் சத்தமாகக் கதை வாசிப்பாள். சரியாக வாசித்தால் நட்சத்திரம் கிடைக்கும். இரண்டு மாதமாக நானும் அந்த நட்சத்திரங்களை எண்ணிச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

போன வாரம் ஒரு வரி வந்தது: "உழவர் கழனிக்குச் சென்றார்." தடங்கலே இல்லாமல் வாசித்தாள். எங்கே போனார் என்று சும்மாதான் கேட்டேன்.

"மாட்டுக்கு வைப்பாங்கள்ல மாமா, கழனித்தண்ணி... அந்தத் தொட்டிகிட்ட."

சிரித்துவிட்டேன். ஆனால் அவள் சொன்னதில் தப்பில்லை. எங்க பக்கம் வயலை வயக்காடு என்போம். கழனி என்றால் அரிசி களைந்த தண்ணீர்தான். இரண்டு மாதமாக ஒரு கேள்விகூடக் கேட்காமல் இருந்தது என் தப்பு.

இந்த வகைச் செயலிகள் எப்படி வேலை செய்கின்றன? திரையில் உள்ள வரி போனுக்கு முன்பே தெரியும். பிள்ளையின் குரலை அந்த வரியோடு சொல் சொல்லாக ஒப்பிட்டுப் பார்க்கும், திணறினால் எடுத்துக்கொடுக்கும். கூகுள் 2019 மார்ச்சில் 'போலோ' என்ற பெயரில் கொண்டுவந்தது, பிறகு 'ரீட் அலாங்' ஆகித் தமிழும் பேசியது. கொரோனாவில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்டத் தமிழக அரசு 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி மையங்களில், 2022 ஜூனில் இதை வைத்து வாசிப்பு மாரத்தானே நடத்தினார்கள். இதன் பலனைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் ஒவ்வொருவர் வாசிப்பையும் தினமும் காது கொடுத்துக் கேட்க எந்த டீச்சரால் முடியும்?

ஆனால் அது கேட்பது ஒலியைத்தான். கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986-இல் ஒரு எளிய கணக்குச் சொன்னார்கள்: வாசித்துப் புரிந்துகொள்வது என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியறிவையும் பெருக்கி வருவது. கூட்டல் இல்லை, கவனியுங்கள். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்.

தமிழில் இது இன்னும் கொஞ்சம் சிக்கல். ஆங்கிலம் மாதிரி ஸ்பெல்லிங் தொல்லை இல்லாததால், எழுத்துகள் பிடிபட்டுவிட்டால் அர்த்தமே தெரியாத சொல்லையும் வாசித்துவிடலாம். அதோடு நாம் பேசுவது 'போனார்', புத்தகத்தில் இருப்பது 'சென்றார்'. நட்சத்திரம் முந்திக்கொள்கிறது, அர்த்தம் பின்னால் வருகிறது.

அதனால் இப்போது வேறொன்று செய்து பார்க்கிறோம். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் கதைகளை வாசிப்பதோடு, அங்குள்ள படங்களை வைத்து நாமே கதை கட்டலாம். 'கழனி'யைத் தூக்கிவிட எனக்கு மனசில்லை; இரண்டு அர்த்தமும் அவளுக்குத் தெரியட்டும். அவள் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். அவள் கதையில் உழவர் கழனிக்குப் போகிறார். வீட்டில் மாடு கழனித்தண்ணியைக் கவிழ்த்துவிடுகிறது.

அக்கா மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அப்புறம் மாடு என்னத்தடி குடிச்சது?"

அதை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.