சிறுநீரகத்தை அடையும் வழிகள்

1869ஆம் ஆண்டில், மானிப்பாயிலே வைத்தியர் சாமுவேல் கிறீன் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்துக்கொண்டிருந்த காலத்தில், ஜேர்மனியின் கைடல்பேர்க் நகரில் குஸ்தாவ் சைமன் என்பார் ஒரு பெண்ணின் சிறுநீரகமொன்றை வெட்டியகற்றினார். அப்பெண் பிழைத்தாள். ஒற்றைச் சிறுநீரகத்தோடு மனிதர் வாழலாம் என்பது அதனால் நிறுவப்பட்டது. அதன்பின் நூறாண்டுக்கு மேலாக, கட்டி கண்ட சிறுநீரகத்தை எடுப்பதெனின் விலாவிலோ வயிற்றிலோ நீண்ட கீறலிட்டுத் திறப்பதே வழக்காயிருந்தது.

1990இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் கிளேமன் குழுவினர், 85 வயது மூதாட்டி ஒருவரின் சிறுநீரகத்தைச் சிறு துளைகள் வழியே அகற்றினர். ஏறக்குறைய ஏழு மணி நேரம் சென்றது. கைப்பிடியளவான உறுப்பு சிறு துளையால் வெளிவருவதெங்ஙனம்? உள்ளேயே ஒரு பையிலிட்டு, அரைத்து, உறிஞ்சியெடுத்தனர்! இக்காலத்தில் கட்டியை முழுதாகப் பரிசோதிக்கும் பொருட்டு, சிறு கீறலொன்றினால் அதனைச் சிதையாமலே எடுப்பர்.

இவர்கள் சென்றது முன்வழி. காபனீரொட்சைட்டு வாயுவால் வயிற்றை உப்பச்செய்து, குடலை ஒதுக்கி, சிறுநீரகத்தை அணுகுவது இம்முறை. இடம் விசாலமானது; அடையாளங்களும் தெளிவானவை. ஆயினும் சிறுநீரகம் இருப்பதோ குடலைப் போர்த்த சவ்வுக்கும் அப்பால், முதுகுத் தசையை ஒட்டி. பின்வளவுக்குப் போக விரும்புபவன் படலையைத் திறந்து போகாமல், வீட்டுக்குள் நுழைந்து சாமான்களை ஒதுக்கிக்கொண்டு போவானேன்?

பின்வழியிலுள்ள இடர் இடமின்மையே. அங்கே கொழுப்பு அடைந்து கிடக்கும். இதற்குப் பம்பாய் வைத்தியர் கௌர் 1992இல் வெளியிட்ட உபாயம் வியக்கத்தக்கது. சத்திரவைத்தியர் அணியும் கையுறையை ஒரு றப்பர்க் குழாயிற் கட்டி, உள்ளே செலுத்தி, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பம்பினால் ஊதினார். அக்குமிழி விரிந்து சிறுநீரகத்தைச் சூழ வெளியொன்றை உண்டாக்கிற்று. விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை என்பதே இதன் சிறப்பென்பேன். இவ்வழியிற் சிறுநீரக நாடி விரைவிற் புலப்படும். முன்னர் வயிற்றிற் சத்திரசிகிச்சை பெற்றோருக்கும், பின்புறத்துக் கட்டிகளுக்கும் ஏற்றது. முன்புறத்துக் கட்டிகளுக்கும் பருத்தவற்றுக்கும் முன்வழியே வசதி.

எவ்வழியாற் சென்றார்கள் என்பதிலும், எவ்வளவை விட்டுவந்தார்கள் என்பதே நோயாளிக்குப் பெரிது. 4 சென்ரிமீற்றருக்கு உட்பட்ட கட்டியாயின், இயன்றவிடத்துக் கட்டியை மாத்திரம் எடுத்து உறுப்பைக் காப்பதையே இன்று விரும்புவர். நீரிழிவுடையோருக்கும் ஒற்றைச் சிறுநீரகமுடையோருக்கும் இது வாழ்வுப் பிரச்சினை. இரத்தம் பெருகாதிருக்க நாடியைக் கவ்வியால் இறுக்கிக்கொண்டே வெட்டுதலும் தைத்தலும் நிகழும். அதற்கு 25 நிமிடமளவே கிடைக்கும் என்று கொள்வர். அதற்கு மேற்பட்டால் காக்க முனைந்த உறுப்பே கெடலாம். நேரான நீண்ட கருவிகளால் அவ்வளவு விரைவிற் தைப்பது கைதேர்ந்தோருக்கும் அரிது. மணிக்கட்டுப்போல் வளையும் றோபோக் கரங்கள் உதவுவது இங்கேதான். அவை தாமாக எதுவுஞ் செய்வதில்லை. சற்றுத் தள்ளி அமர்ந்திருக்கும் வைத்தியரின் விரலசைவையே பின்பற்றுகின்றன. செலவோ மிகப் பெரிது.

கட்டி பெருநாளத்துக்குள் வளர்ந்துவிட்டாற் பெரும்பாலும் பழைய நீண்ட கீறலையே வைத்தியர் இன்றும் நாடுகின்றனர்.